மகனின் வயதில் நான் குறைத்த பதினாறு மாதம்

முழங்கால் வலிக்கிறது என்றுதான் கிஷோர் சொன்னான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை முழங்காலைப் பிடித்துக்கொண்டு நொண்டினால், எண்ணெய் தேய்த்துவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள், இடுப்பையும் ஒரு எக்ஸ்ரே படம் எடுத்துப் பாருங்கள். நான் மூன்று கிழமை, இருபத்தொரு நாளும் எண்ணெய் தேய்த்தேன். ஒரு டாக்டரிடம் காட்டி முழங்காலைப் படமும் எடுத்தேன். முழங்கால் சுத்தமாக இருந்தது. வளர்கிற பிள்ளைக்கு வருகிற வலிதான் என்று நானே முடிவுகட்டினேன். எல்லாவற்றுக்கும் முடிவுகட்டித்தான் எனக்குப் பழக்கம்.

கண்டிக்குப் பக்கத்தில் கெலிஓயாவில் எனக்கு ஒரு போட்டோகொப்பிக் கடை இருக்கிறது. பெயருக்குத்தான் போட்டோகொப்பி, உண்மையில் நான் போம் நிரப்பிக் கொடுக்கிறவன். அடையாள அட்டை, பாஸ்போட், பென்ஷன், பள்ளிக்கூட அனுமதி, எதுவென்றாலும் சிங்களத்திலும் தமிழிலும் எழுதிக் கொடுப்பேன். ரவி அண்ணன் எழுதினால் போம் திரும்பி வராது என்று சனம் சொல்லும். அதைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தலை வீங்கிப் போயிருந்தது. மனைவி சாந்தி வீட்டில் இருந்தபடி தைத்துக் கொடுக்கிறாள். கிஷோர் எங்களுக்கு ஒரே பிள்ளை. அப்போது இரண்டாம் வகுப்பில் இருந்தான்.

இடுப்பு என்று கண்டுபிடித்தது நானில்லை, பக்கத்து வீட்டுப் பரீதா தாத்தா. முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்பார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டோம். ஒரு நாள் காலையில் கிஷோர் பள்ளிக்கூடத்துக்கு இறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் கடைக்கே வந்துவிட்டார்.

"ரவி தம்பி, செல்றேனேண்டு கோவிக்க வாணாம். புள்ள முழங்கால் நோகுதுண்டு செல்றான், ஆனா இடுப்பத்தான் சாச்சு சாச்சு நடக்கிறான். கண்டிக்குக் கொண்டு போய்க் காட்டுங்களேன்."

"அது ஒண்ணுமில்ல தாத்தா, பந்து வெளயாண்டு சுளுக்கியிருக்கும்" என்றேன். "நீங்க டாக்டரா தம்பி?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அந்தக் கேள்வி எனக்குச் சுள்ளென்று பட்டது. அடுத்த நாளே மூன்று பேரும் கண்டி பஸ் ஏறினோம்.

எலும்பு கிளினிக்கில் நம்பர் துண்டை வைத்துக்கொண்டு காலையிலிருந்து மத்தியானம் வரை காத்திருந்தோம். உட்காருகிற வாங்கு நிறையச் சனம். கை கட்டுப் போட்டவர்கள், கால் கட்டுப் போட்டவர்கள், ஒன்றும் தெரியாமல் சிரித்துக்கொண்டிருக்கிற குழந்தைகள். எங்களைப் பார்த்த டாக்டர் யாழ்ப்பாணத்துப் பெண், முப்பத்தைந்து வயதிருக்கும். கிஷோரைக் கட்டிலில் படுக்க வைத்து, காலை மடக்கி வெளிப்பக்கமாக விரித்துப் பார்த்தார். வலது கால் விரியவில்லை. அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். படம் எடுத்துக்கொண்டு வந்ததும் அதை வெளிச்சத்தில் மாட்டிவிட்டு, எங்களைக் கதிரையை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். 

"பேர்த்தஸ் எண்டு ஒரு வருத்தம், எலும்பு நோய்" என்றார். "தொடை எலும்பின்ர உச்சியில பந்து மாதிரி ஒரு தலை இருக்குது. அது இடுப்பில இருக்கிற கிண்ணத்துக்குள்ள சுழலும். ஏனெண்டு ஒருத்தருக்கும் வடிவாத் தெரியாது, சில பிள்ளையளுக்கு அந்தப் பந்துக்குப் போற ரத்தம் நிண்டு போகும். ரத்தம் இல்லாட்டி எலும்பு செத்துப் போகும். பிறகு ரத்தம் தன்ரபாட்டில திரும்பி வரும், புது எலும்பும் வளரும். ஆனா அதுக்கு ரெண்டு மூண்டு வருசம் எடுக்கும். அந்தக் காலம் முழுக்கப் பந்து மெத்தெண்டு இருக்கும்."

"மெத்துன்னா?" என்று சாந்தி கேட்டாள்.

"மா உருண்டை மாதிரி நினையுங்கோ. கிண்ணத்துக்குள்ள ஒழுங்கா இருந்தா வட்டமா இறுகும். கிண்ணத்துக்கு வெளியில துருத்திக்கொண்டு நசிஞ்சா தட்டையா இறுகும். வட்டமா ஆறினா அவன் கிழவனாகு மட்டும் ஓடித் திரிவான். தட்டையா ஆறினா இளம் வயசிலயே மூட்டுத் தேஞ்சு போகும்."

எப்படி ஆறும் என்று இப்போதே சொல்ல முடியுமா என்று கேட்டேன். அதுதான் தங்களுடைய வேலை என்றார். அப்படி முன்கூட்டிக் கணிக்க அவர்களிடம் இரண்டு மூன்று அளவுகள்தான் இருக்கின்றனவாம். பந்தின் வெளிப்பக்கத்துச் சுவர் எவ்வளவு உயரத்துக்கு நிற்கிறது என்பது ஒன்று. கிஷோருக்கு அது பாதி மட்டுக்கும் இறங்கியிருந்தது. கால் எவ்வளவு விரிகிறது என்பது இன்னொன்று. எல்லாவற்றையும்விட முக்கியமானது வயது. சின்னப் பிள்ளை என்றால் பந்து வளர்ந்து தன்னைத் திருத்திக்கொள்ள வருடங்கள் இருக்கின்றன. எட்டு வயதைத் தாண்டினால் அந்த அவகாசம் குறைவு. சுவர் பாதியில் நிற்கிற பிள்ளைக்கு எட்டுக்குக் கீழே என்றால் பெரும்பாலும் வெட்டாமலே பார்ப்பார்கள். எட்டைத் தாண்டியிருந்தால் ஒப்பரேஷன் செய்து பந்தைக் கிண்ணத்துக்குள் திருப்பி வைப்பதுதான் நல்லது. அதையும் பந்து இறுகுவதற்கு முன்னாலேயே செய்துவிட வேண்டும்.

அவர் கிளினிக் புத்தகத்தைப் பார்த்தார். நான் கொடுத்த பிறப்புப் பத்திரத்தின்படி எழுதியிருந்தார்கள். "ஏழும் ஆகேல்ல. நல்ல காலம்" என்று சிரித்தார்.

சாந்தி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தேன்.

என் மகனுக்கு அன்று எட்டு வயது மூன்று மாதம்.

எப்படி என்று சொல்லாவிட்டால் உங்களுக்கு விளங்காது. கிஷோர் பிறந்தது நாவலப்பிட்டிப் பக்கம் சாந்தியின் அம்மா வீட்டில், தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில். ஆனி மாத மழை, ரோட்டில் மண் சரிந்து வாகனம் போகவில்லை. தோட்டத்து மிட்வைஃப் வந்து பிள்ளையை எடுத்தார். ஆஸ்பத்திரியில் பிறந்திருந்தால் அங்கேயே பதிவுக்கு வழி செய்திருப்பார்கள். வீட்டில் பிறந்ததால் நான்தான் போய்ப் பதிய வேண்டும். நாளைக்குப் போகிறேன், அடுத்த கிழமை போகிறேன் என்று நான் போகவேயில்லை. அப்போதுதான் கடை போட்டிருந்தேன். ஊரில் இருக்கிற எல்லாருடைய பிள்ளைக்கும் போம் நிரப்பினேன், என் பிள்ளைக்கு மட்டும் நிரப்பவில்லை. ஐந்து வயது வந்து பள்ளிக்கூட விண்ணப்பம் போடும்போதுதான் கையில் பத்திரம் இல்லை என்பது எனக்கு உறைத்தது. அந்த வருடம் தவறிப்போனது. அடுத்த வருடம் போட்டால் வயது கூடிவிட்டது என்று கடைசியில் தள்ளிவிடுவார்கள். டவுன் பள்ளிக்கூடம் கிடைக்கவே கிடைக்காது.

ஊரார் கேட்டால் என்ன சொல்வேன்? ரவி அண்ணன் தன் பிள்ளையைப் பதிய மறந்துவிட்டான் என்றா? அதனால் காலம் கடந்து பதியும்போது, ஆனி மாதத்தை அடுத்த வருட ஐப்பசி என்று எழுதிக் கொடுத்தேன். பதினாறு மாதம். பதிவு அலுவலகத்தில் இருந்தவர்கள் என்னை நம்பினார்கள், அவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. தோட்டத்தில் கொடுத்த தடுப்பூசி அட்டையில் உண்மைத் திகதி இருந்தது. அதைக் காட்டவில்லை. பத்திரம் கையில் வந்த அன்று, பார்த்தாயா எப்படி முடித்தேன் என்று சாந்தியிடம் பெருமை வேறு பேசினேன். கிஷோருக்கு ஐப்பசியில்தான் பிறந்தநாள் என்று சொல்லி வளர்த்தோம். சின்ன உருவம், ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

டாக்டருக்கு மட்டும் கொஞ்சம் வந்தது. இடது கையைப் படம் எடுக்கச் சொன்னார். இடுப்புக்குக் கை எதற்கு என்று நானும் கேட்டேன். மணிக்கட்டுச் சின்ன எலும்புகளை வைத்து எலும்பின் வயதைச் சொல்லலாமாம். இந்த வருத்தம் வருகிற பிள்ளைகளுக்கு எலும்பு வழக்கமாக ஒன்று, ஒன்றரை வருடம் பிந்தித்தான் வளருமாம். கிஷோரின் கைப்படத்தைத் தன் புத்தகத்தோடு வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"இவருக்குப் பிந்தேல்ல. பத்திரத்தில இருக்கிற வயசும் எலும்பு வயசும் சரியா ஒண்டா இருக்குது. எனக்கு இது நல்லாப் பிடிபடேல்ல" என்றவர், என் பக்கம் திரும்பினார். "பிறந்த திகதி சரிதானே ஐயா? சில இடங்களில பிந்திப் பதியிறவை, அதான் கேக்கிறன்."

கதவையே திறந்து வைத்துவிட்டுக் கேட்டார். நுழைந்திருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? முதுகை நிமிர்த்திக்கொண்டு, "டாக்டர், நானே போம் எழுதுற ஆள். என் பிள்ள பத்திரத்துல பிழை வருமா?" என்றேன். இதை எழுதும்போதும் எனக்குக் காது சூடாகிறது. அவர் தலையாட்டிவிட்டு, எல்லாப் பிள்ளையும் ஒரே மாதிரி இல்லைத்தானே என்று எழுதிக்கொண்டார்.

வலி குறைந்து கால் விரிய வேண்டும் என்று வார்டில் சேர்த்தார்கள். காலில் பட்டி ஒட்டி, கயிறு கட்டி, கட்டில் காலடியில் ஒரு எடையைத் தொங்கவிட்டார்கள். அதற்கு டிரக்‌ஷன் என்று பெயர். இறுகிப்போன தசையை மெதுவாக இழுத்துத் தளர்த்துவதுதான் வேலை, எலும்பை ஒன்றும் செய்வதில்லை. பத்து நாள் அப்படியே மல்லாக்கப் படுத்திருந்தான். சிறுபிள்ளை வார்டில் தாய் மட்டும்தான் கூட இருக்கலாம். சாந்தி பகலில் கட்டிலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரையிலும் ராத்திரியில் கட்டிலுக்குக் கீழே பாயிலும் இருந்தாள். நான் மத்தியானம் ஒரு மணித்தியாலமும் பின்னேரம் ஒரு மணித்தியாலமும். ஆஸ்பத்திரி வாசல் கேற் திறக்குமுன்னமே சோற்றுப் பார்சலோடு சனம் நெருக்கிக்கொண்டு நிற்கும், நானும் நிற்பேன். பார்சல் பெரும்பாலும் பரீதா தாத்தா கட்டிக் கொடுத்தது. கிஷோருக்குத் தனியாக ஒரு சின்னப் போத்தலில் கஞ்சி. அதை ஆறாமல் கொண்டு போய்ச் சேர்க்க வேண்டும் என்று எனக்குக் கட்டளை. கடையை நான்கு மணித்தியாலம் பூட்டிவைக்க வேண்டியிருந்தது. வாடிக்கையாளர் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. "புள்ளைக்கு எப்படி அண்ணே?" என்றுதான் கேட்டார்கள். அந்த அன்பையும் நான் பொய்க்காரனாக நின்றுதான் வாங்கினேன்.

பக்கத்துக் கட்டிலில் கலகெதர ஊர்ப் பையன் ஒருவன், ஒன்பது வயது, அதே வருத்தம். அவனுக்கு ஒப்பரேஷன் முடிந்து இடுப்பிலிருந்து கால் வரை பிளாஸ்டர். அவனுடைய உம்மா சாந்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எங்கட புள்ளைக்கும் ஒங்கட புள்ள மாதிரித்தான், சுவர் பாதி ஈக்கிண்டு சொன்னாங்க. ஆனா வயசு கூடிட்டாம். சின்னப் புள்ளையா இருந்தா வெட்டாமப் பாத்திருப்பாங்களாம். ஒங்களுக்கு அல்லாஹ் லேசாக்கிட்டான்."

சாந்தி எழுந்து வெளியே தாழ்வாரத்துக்கு வந்தாள். நானும் வந்தேன்.

"ஏங்க, கேட்டீங்கல்ல? அதே சுவர். வயசு தான் வித்தியாசம்."

"மெதுவாப் பேசு."

"நம்ம புள்ளைக்கும் அதத்தானே செய்யணும்? டாக்டர்கிட்ட சொல்லிருங்க. உங்களுக்கு வெக்கமா இருந்தா நான் சொல்றேன்."

"சொன்னா பள்ளிக்கூடத்துல பேர வெட்டிருவாங்க. பொய்ப் பத்திரம்னு கேஸ் போடுவாங்க. கடைக்கு ஒருத்தன் வருவானா? கையப் படம் எடுத்துப் பாத்தாங்கல்ல, எலும்பு வயசு ஏழுக்குள்ளதான்னு சொன்னாங்கல்ல? அப்ப அதுதானே கணக்கு?"

அந்த நியாயத்தை நான் ஒரு போமைப் போல நிரப்பி வைத்திருந்தேன். அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது, அதைச் சாந்தியிடம்கூடச் சொல்லவில்லை. பிளாஸ்டரில் கிடக்கிற அந்தப் பையனைப் பார்க்கும்போதெல்லாம், நல்ல வேளை, என் பொய் என் மகனைக் கத்தியிலிருந்து தப்பவைத்துவிட்டது என்று நினைத்தேன். சந்தோஷமே பட்டேன். இதைவிடக் கேவலமாக ஒரு தகப்பன் நினைக்க முடியுமா?

பத்தாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள். வலது காலை ஊன்றக் கூடாது, கால்களை விரித்துப் பிடிக்கிற பட்டி போட வேண்டும், ஆறு கிழமையில் மறுபடி படம். பட்டியை வெளியில் செய்விக்க வேண்டியிருந்தது. பரீதா தாத்தாவின் மகன் தன்னுடைய திரீவீல் ஆட்டோவிலேயே எங்களைக் கொண்டு போய்க் கொண்டு வந்தார், காசு கொடுத்தால் கோபித்துக்கொண்டார். கிஷோர் கக்கத்துக்குக் கீழே ஊன்றுகம்பை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் தத்திக்கொண்டு திரிந்தான். ஐப்பசியில் கேக் வெட்டினோம். ஏழு மெழுகுதிரி. சாந்தி அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

ஆறு கிழமை கழித்து எடுத்த படத்தை எனக்கே படிக்கத் தெரிந்தது. சுவர் இன்னும் இறங்கியிருந்தது. பந்தின் வெளிவிளிம்பு கிண்ணத்தைத் தாண்டி வெளியே தெரிந்தது. டாக்டர் பழைய படத்தையும் புதிய படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவருடைய முகத்தில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் நான் தாங்கிக்கொண்டிருப்பேன்.

"ஐயா, நான் உங்களிட்ட மன்னிப்புக் கேக்கோணும்" என்றார். "இந்த வயசுக்கு இது இப்பிடிப் போகாதெண்டு நினைச்சன். என்ர கணிப்புப் பிழைச்சுப் போச்சுது. போன கிழமையே எனக்கு மனசு கேக்காம, பழைய படத்தைப் பெரிய டாக்டரிட்டக் கொண்டு போய்க் காட்டினனான். அவரும் பொறுத்துப் பாப்பம் எண்டுதான் சொன்னவர். நான் இன்னும் முந்தி யோசிச்சிருக்கோணும்."

நான் என்ன சொன்னேன்? "பரவால்லங்க டாக்டர்" என்றேன். ஆமாம், அப்படித்தான் சொன்னேன். என் பொய்யைச் சுமந்துகொண்டு அந்தப் பெண் மன்னிப்புக் கேட்கிறார், நான் பெரிய மனது பண்ணி மன்னிக்கிறேன். கிளினிக் புத்தகத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

படிக்கட்டில் சாந்தி நின்றுவிட்டாள். கிஷோரை அங்கிருந்த வாங்கில் உட்கார வைத்தாள். கைப்பையைத் திறந்து, பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு பழைய அட்டையை எடுத்து என் கையில் வைத்தாள். தோட்டத்துத் தடுப்பூசி அட்டை. மிட்வைஃப் பேனாவால் எழுதிய ஆனி மாதத் திகதி.

"மொத நாளே கொண்டாந்தேன்" என்றாள். "ஒவ்வொரு தடவையும் பையில வச்சுக்கிட்டுத்தான் வந்தேன். நீங்களாச் சொல்வீங்கன்னு பாத்தேன். அந்தம்மா உங்ககிட்ட மன்னிப்புக் கேக்குது, நீங்க பரவால்லங்கிறீங்க. த்தூ! நீங்க போறீங்களா, நான் போகவா?"

பதின்மூன்று வருடக் குடும்பத்தில் அவள் என்னை அப்படிப் பேசியதில்லை. வாங்கில் இருந்த சனம் திரும்பிப் பார்த்தது. கிஷோரும் பார்த்தான்.

திரும்பிப் போனபோது டாக்டர் ஒப்பரேஷன் தியேட்டருக்குப் போய்விட்டார் என்றார்கள். கதவுக்கு வெளியே நின்றேன். பன்னிரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை நின்றேன். அந்த நாலு மணித்தியாலமும் நான் நினைத்ததெல்லாம், அவர் வராமல் போனால் நாளைக்குச் சொல்லலாம் என்றுதான். அவர் வந்தார். தலையில் பச்சைத் தொப்பி, கழுத்தில் மாஸ்க், களைத்துப் போயிருந்தார்.

"என்ன ஐயா, மருந்துத் துண்டை விட்டுட்டீங்களோ?"

அட்டையை நீட்டினேன். "புள்ளைக்கு எட்டு வயசு அஞ்சு மாசம் டாக்டர். பத்திரத்துல நான் தான் மாத்தி எழுதுனேன். உங்க கணக்கு பிழையில்ல. நான் குடுத்த வயசு தான் பொய்."

அவர் அட்டையை முன்னும் பின்னும் பார்த்தார். ஏன் என்று கேட்டார். பள்ளிக்கூடம் என்றேன். 

"அப்ப எலும்பு பிந்தித்தான் இருந்திருக்குது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். "நான் உங்களிட்ட நேராக் கேட்டனான் ஐயா. அண்டைக்கே சொல்லியிருந்தா அந்தக் கிழமையே முடிவெடுத்திருப்பம். ஆறு கிழமை வீணாப் போட்டுது." கத்தவில்லை. பேனாவை எடுத்துக் கிளினிக் புத்தகத்தில் வயதை ஒரு கோடு போட்டு வெட்டினார், பக்கத்தில் புது வயதை எழுதிக் கையெழுத்து வைத்தார். "இன்னும் நேரம் இருக்குது. ஆனா கனக்க இல்லை. நாளைக்குக் கொண்டு வந்து வார்டில விடுங்கோ."

ஒப்பரேஷன் என்றால் இதுதான்: தொடை எலும்பை மேல்பக்கம் அறுத்து, பந்து கிண்ணத்துக்குள் ஆழமாக இறங்குகிற மாதிரிக் கொஞ்சம் உள்ளே சாய்த்து, தகடும் ஆணியும் போட்டு இறுக்குவார்கள். பந்தை யாரும் தொடுவதில்லை. அது நசியாமல் இறுகுவதற்கு இடம் அமைத்துக் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். சம்மதப் போம் என் கைக்கு வந்தது. ஆயுளில் எத்தனையோ போம் எழுதியிருக்கிறேன். வயது என்ற கட்டத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. மிஸி, அதாவது நேர்ஸ், எழுதத் தெரியாதவன் என்று நினைத்துப் பேனாவை வாங்கப் பார்த்தார். கொடுக்கவில்லை. நானே எழுதினேன்.

உள்ளே போக முன் கிஷோருக்குச் சொல்ல வேண்டியிருந்தது, வார்டில் எல்லாரும் எட்டு வயது என்றுதான் பேசினார்கள். "அப்பா பொய் சொல்லி எழுதிட்டேன்டா. உனக்கு எட்டு" என்றேன்.  "அப்ப ஏழாவது பொறந்தநாள் கேக்கு?" என்று கேட்டான்.  அதற்குள் தள்ளுகட்டில் வந்துவிட்டது.

மூன்று மணித்தியாலம். கதவுக்கு வெளியே சாந்தி என்னோடு பேசவில்லை, ஆனால் தள்ளி உட்காரவும் இல்லை. பரீதா தாத்தா கெலிஓயாவிலிருந்து வந்து நடுவில் உட்கார்ந்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். யாரும் தள்ளாமல் நானாகவே வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.  அவர் பிளாஸ்கைத் திறந்து பிளேன்டீ ஊற்றி, முதல் கோப்பையைச் சாந்திக்குக் கொடுத்தார். இரண்டாவது எனக்குத்தான் வந்தது. "குடிங்க தம்பி. செஞ்சது செஞ்சாச்சி, இனியாவது வாயத் தொறந்து நெசத்தச் செல்லுங்க" என்றார்.

இப்போது இரண்டு வருடமாகிறது. பிளாஸ்டர் போய், கம்பு போய், தகடும் எடுத்தாகிவிட்டது. தொடையில் நீளமாக ஒரு தழும்பு. வலி இல்லை, மழை நாளில் கொஞ்சம் நொண்டுகிறான். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியரான அதிபரிடம் நானே போய்ச் சொன்னேன். பிள்ளையை வெளியே அனுப்பவில்லை, பத்திரத்தைத் திருத்திக்கொண்டு வரச் சொன்னார். விண்ணப்பம் போட்டிருக்கிறேன், விசாரணைக்கு இரண்டு தடவை போய் நின்றேன், இன்னும் முடியவில்லை. அதுவரை பள்ளிக்கூடத்தில் பழைய வயது, ஆஸ்பத்திரியில் புது வயது.

ஊருக்கும் தெரிந்துவிட்டது. கடைக்கு ஒருத்தரும் வரமாட்டார்கள் என்று பயந்தேன் அல்லவா? வந்தார்கள். ஒரு நாள் ஒரு தகப்பன் மற்றவர்கள் போகும் வரை காத்திருந்துவிட்டு, "அண்ணே, உங்க புள்ளைக்கு செஞ்ச மாதிரி நம்மளுக்கும் ஒரு வருசம் கொறச்சு எழுத வழி சொல்லுங்களேன்" என்றார். அவரைத் திட்டி அனுப்ப எனக்கு என்ன தகுதி? கதிரையில் உட்கார வைத்து இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். பாதியிலேயே எழுந்து போய்விட்டார். எழுதி வைத்தால் முழுவதும் படிப்பார்கள் என்று சாந்திதான் சொன்னாள்.

போன மாதம் கிளினிக்கில் டாக்டர் கடைசிப் படத்தைக் காட்டினார். பந்து இறுகிவிட்டது. "வட்டம் எண்டு சொல்லேலாது. முட்டை மாதிரிக் கொஞ்சம் நீண்டிருக்குது. ஆனா கிண்ணமும் அதுக்கேத்த மாதிரி வளர்ந்திருக்குது. நாப்பது, அம்பது வயசு மட்டும் கரைச்சல் இல்லாமப் போகலாம். போகாமலும் விடலாம்."

"அந்த ஆறு கெழமை இல்லாட்டி வட்டமா வந்திருக்குமா டாக்டர்?"

"அதை என்னால சொல்லேலாது ஐயா. ஒருத்தராலயும் சொல்லேலாது."

ஆறுதலுக்குச் சொல்லவில்லை, உண்மையைத்தான் சொன்னார். திட்டியிருந்தால் கேட்டுக்கொண்டு ஒரு நாள் மறந்திருப்பேன். இனி அவன் ஒவ்வொரு தடவை நொண்டும்போதும் அது என்னாலா, வருத்தத்தாலா என்று எனக்குத் தெரியப்போவதில்லை.

அன்றைக்கே கால் பயிற்சிக்குப் பெயர் பதிய அடுத்த அறைக்கு அனுப்பினார்கள். மேசையில் ஒரு மிஸி, சிங்களப் பெண், புதிதாக ஒரு அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு கிஷோரிடமே பெயரைக் கேட்டார். சொன்னான். ஊரைக் கேட்டார். கெலிஓயா என்றான். வயது என்ன என்று கேட்டார்.

கிஷோர் வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். திரும்பி என் முகத்தைப் பார்த்தான். பிறகு என் சட்டையைப் பிடித்து இழுத்து, காதுக்குக் கிட்ட வந்து, ஆனால் அறை முழுக்கக் கேட்கிற மாதிரிக் கேட்டான்.

"அப்பா, இங்க எந்த வயச சொல்லணும்?"

அந்த மிஸிக்குத் தமிழ் நன்றாகத் தெரியும்.